எங்கள் லாண்ட்மாஸ்டரும் ரே விஜேவர்தனவின் விமானமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரியாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா லாண்ட்மாஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டீசல் குழாய்க்குள் காற்றுப் பிடித்துவிட்டது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை போகும்வரை டீசலை வழியவிட்டு, பிறகு இறுக்க வேண்டும். வயலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். அன்று அது மூன்று தடவை செய்தும் சரிவரவில்லை.

அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து மச்சான் வீடியோவில் வந்தான். அங்கே சனிக்கிழமை இரவு. நான்கு வருடமாக வீட்டுக் கராஜுக்குள் தன் கையால் ஒரு சிறிய விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நாட்டில் இது சட்டப்படி செய்யக்கூடிய காரியம். பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும், அரசின் பரிசோதகர் வந்து பார்ப்பார், பிறகு பறக்கலாம். அவனுக்கும் அன்று ஒரு குழாய்ப் பிரச்சினை. இயந்திரத்தின் காற்று உள்வழிக்கும் முன்பலகையிலுள்ள அழுத்தமானிக்கும் இடையில் ஓடுகிற மெல்லிய இறப்பர் குழாய்கள். எங்கோ கசிகிறது, ஊசி நடுங்குகிறது என்றான்.

இரண்டு பேரையும் ஒரே தொலைபேசியில் பேசவிட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லாண்ட்மாஸ்டர் நின்றால் வரம்பில் இறங்கி நடக்கலாம், உன்னுடையது நின்றால் எங்கேயடா இறங்குவாய் என்று கேட்டார். மச்சானிடம் அதற்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்துதான் ரே விஜேவர்தனவைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்பாவின் கையிலிருந்த இயந்திரத்துக்கும் மச்சானின் கராஜில் நின்ற இயந்திரத்துக்கும் நடுவில் இந்த நாட்டில் ஒரே ஒரு மனிதர் நின்றிருக்கிறார். அவர் இறந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது.

முதலில் அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பெற்றோல் இயந்திரம் காற்றை உறிஞ்சி, அதில் பெற்றோலைக் கலந்து எரிக்கிறது. காற்று வரும் வழியில் ஒரு கதவு உண்டு. நாங்கள் அக்சிலேற்றரை முறுக்கும்போது திறப்பது அந்தக் கதவுதான். கதவு மூடியிருந்தால் இயந்திரம் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் உண்டாகும், அழுத்தம் குறையும். கதவை முழுதாகத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கிட்ட வந்துவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கு இந்தக் காற்றும் எரிபொருளும் கலக்கிற விஷயத்தை நான் விளக்கத் தேவையில்லை. (லாண்ட்மாஸ்டரின் டீசல் இயந்திரத்தில் இந்தக் கதவு கிடையாது. அதனால் அப்பாவுக்கு இந்தத் தலையிடி இல்லை.)

விமானத்தில் அந்த உள் அழுத்தத்தை ஒரு மானியில் பார்க்கிறார்கள். கடல்மட்டத்தில் இயந்திரம் நிற்கும்போது ஊசி ஏறத்தாழ 30 அங்குல பாதரசத்தில் நிற்க வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஊசி பாதி அளவுக்கோ அதற்கும் கீழேயோ விழும். ஒரே ஒரு சிலிண்டரின் வழியிலிருந்து குழாய் எடுத்தால் அது உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் ஊசி துள்ளும். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒன்றாக இணைத்து, நடுவில் ஊசித்துளையுள்ள ஒரு சிறு பித்தளைத் துண்டை வைப்பார்கள். குழாய் தொய்ந்து கிடக்கக் கூடாது, தொய்ந்த இடத்தில் பெற்றோல் தேங்கும். குழாய் வெடித்திருந்தால் மானி பொய் சொல்லும். அது மட்டுமல்ல, அந்த வெடிப்பால் நுழைகிற காற்று பெற்றோல் கலவையை மெலிதாக்கி, அந்தப் பக்கச் சிலிண்டர்களைச் சூடேற்றும்.

சுற்று எண்ணிக்கை காட்டும் மானி இருக்கும்போது இது ஏன் என்று மச்சானைக் கேட்டேன். விமானம் மூக்கைக் கீழே குத்தி இறங்கும்போது காற்றே விசிறியைச் சுற்றிவிடும், சுற்று ஏறும், சத்தமும் ஏறும், ஆனால் இயந்திரம் உண்மையில் பெரிதாக வேலை செய்வதில்லை என்றான். எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை இந்த ஊசிதான் சொல்லும்.

இந்த விளக்கம் எனக்கு விஜேவர்தனவின் வாழ்க்கையை வாசிக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பிலிப் ரேவத விஜேவர்தன 1924 ஓகஸ்ட் 20 இல் பிறந்தவர். வசதியான கொழும்புக் குடும்பம். கல்கிசை புனித தோமையார் கல்லூரி, பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே விமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல், விவசாயப் பொறியியல் மூன்றையும் படித்தார். மூன்றாவதை ஏன் எடுத்தார் என்று அந்தக் காலத்துக் கொழும்பு வியந்திருக்கலாம். விமானம் படித்தவர் சேற்றுக்குள் இறங்குவது எங்களுடைய நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

1950களில் அவர் வடிவமைத்ததுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம். இங்கிலாந்தின் லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்து, வெப்பமண்டல நாடுகளுக்கெல்லாம் விற்றது. பெரிய ட்ரக்டர் எங்கள் சின்ன வயல்களில் திரும்ப முடியாது, சேற்றில் தாழும், வாங்கவும் கட்டாது. நடந்துகொண்டே பிடித்துச் செல்லக்கூடிய சிறிய இயந்திரம் என்றால் ஓர் ஏழை விவசாயியும் வாங்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

அந்த நிறுவனத்தின் இயந்திரத்தை இன்றைக்கு யாரும் எங்கள் பக்கம் கண்டிருக்கமாட்டார்கள். இப்போது ஓடுவது குபோட்டாவும் சீனத் தயாரிப்புகளும். ஆனால் எந்தக் கம்பனியின் இயந்திரம் என்றாலும் திரியாயிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் அதன் பெயர் லாண்ட்மாஸ்டர்தான். பெயர் வைத்த நிறுவனத்தை மறந்து, செய்த மனிதரை அறியாமலே, பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் தலைமுறைக்கு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமாக முதலில் அறிமுகமாகவில்லை. 1985 இல் திரியாய் எரிக்கப்பட்டு ஊர் கலைந்தபோது எங்கள் குடும்பம் வடக்கே முல்லைத்தீவுப் பக்கம் போனது. நான் பிறந்தது அங்கே. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் நாங்கள் இடம் மாறி மாறி ஓடியது ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில். அம்மம்மா அரிசிச் சாக்குகளின் மேல் படுத்திருந்தா. தறப்பாள், கிடாரம், ஒரு சைக்கிள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். இயந்திரத்தின் சத்தத்தில் ஷெல் குத்தும் சத்தமோ கிபிர் வரும் சத்தமோ கேட்காது. அதனால் ஒருவர் கொஞ்சம் விலகி நடந்தபடி காது கொடுத்துக்கொண்டே வருவார். கையை உயர்த்தினால் எல்லோரும் குதித்துப் படுக்க வேண்டும். அந்த வேலை சில நாட்கள் எனக்கு விழுந்தது. கடைசியில் அந்த இயந்திரத்தை டீசல் இல்லாமல் வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுடையதைத் தேடுவேன்.

இனி விஜேவர்தனவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப்படுகிற இடம். 1960களின் நடுப்பகுதியில் அவர் அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருந்தார். தன் இயந்திரத்தைப் பற்றி அங்கே ஒரு பேச்சு நிகழ்த்தினார், படமும் காட்டினார். எருமையோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாக உழுகிறது, எவ்வளவு நேரம் மிச்சம் என்பதெல்லாம் சொன்னார். பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எளிமையான ஒரு கேள்வி கேட்டார். இந்த இயந்திரத்தால் விளைச்சல் கூடியதா? உற்பத்திச் செலவு குறைந்ததா?

அவரிடம் பதில் இல்லை. இல்லை என்பதுதான் பதில் என்று அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. தான் செய்தது எருமையை இயந்திரமாக்கியது மட்டுந்தான், விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற முடிவுக்கு வந்தார். எருமை உழுதது, பால் தந்தது, சாணி போட்டது, கன்று போட்டது. இயந்திரம் இவற்றில் முதலாவதை மட்டும் செய்தது. அதற்கும் எண்ணெயும் உதிரிப்பாகமும் கப்பலில் வர வேண்டும். உலகம் பாராட்டிய தன் கண்டுபிடிப்பைப் பற்றி அடுத்த நாற்பது வருடமாக மேடைக்கு மேடை அவர் இதையே சொல்லிவந்தார். இப்படித் தன் பெயர் பெற்ற பொருளுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் ஆட்களை, பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும், நான் அதிகம் கண்டதில்லை. எங்களுடைய தலைவர்களிடம் ஒரு திட்டம் பிழைத்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இதை நான் அப்பாவிடம் சொன்னேன். எருமைக் கணக்கை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். 1985 க்கு முன் எங்கள் வீட்டிலும் எருமைப் பட்டி இருந்தது. கடாக்களைப் பூட்டிச் சேறு மிதிப்பதும், சூடு மிதிப்பதும், தயிர்ச் சட்டிகளும் அவருடைய இளமைக்காலம். ஊரைவிட்டு ஓடிய அன்று அவிழ்த்துவிட்ட மாடுகள் காட்டோடு போய்விட்டன. திரும்பி வந்தபோது பட்டி நின்ற இடமே காடு. ஆனால் ஒரு விஷயத்தில் அப்பா அந்த மனிதரோடு ஒத்துப்போகவில்லை. அம்மம்மாவை எருமையில் ஏற்றியா மாத்தளன் வரைக்கும் கொண்டுபோயிருப்பாய் என்று என்னைக் கேட்டார்.

ஹார்வர்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் பதில் தேடிய விஜேவர்தனவுக்கும் இப்படியொரு விளைச்சல் கணக்கில் வந்திருக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓர் உழவு இயந்திரத்தின் பயனை அளக்கிற எவரும் இடப்பெயர்வு என்று ஒரு நிரல் போடமாட்டார்கள்.

பிறகு அவர் உழவு என்ற செயலையே சந்தேகிக்கத் தொடங்கினார். மலேசியாவில் பெருந்தோட்ட இயந்திரமயமாக்கல் ஆய்வில் வேலை செய்தார். 1970களின் பிற்பாதியில் நைஜீரியாவின் இபதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில் பொறியியல் ஆய்வில் இருந்தார். காட்டை யார் உழுகிறார்கள் என்பதுதான் அங்கே அவரை ஆட்டிய கேள்வி. விவசாயி உழுவது பெரும்பாலும் களையை அடக்கத்தான். ஆனால் ஐரோப்பாவின் மென்மழைக்குப் பழகிய உழவு முறையை, ஒரே மணித்தியாலத்தில் கொட்டித் தீர்க்கும் எங்கள் மழைக்குள் கொண்டுவந்தால், கிளறிவிட்ட மேல்மண் ஆற்றோடு போய்விடும். ஆகவே மண்ணைக் கிளறாமல், பழைய பயிரின் மிச்சத்தால் மூடிவைத்து, அந்த மூடாக்கினூடாகவே விதை போடும் வழியைத் தேடினார்கள்.

அதற்காக அவர் செய்த கருவி எனக்கு மிகவும் பிடித்தது. கையால் தள்ளிக்கொண்டு போகும் ஒரு சில்லு, அதைச் சுற்றி அலகுகள். சில்லு உருள உருள ஒவ்வோர் அலகும் மூடாக்கைக் குத்தி, மண்ணுக்குள் ஒரு விதையை இட்டுவிட்டு மேலே வரும். இயந்திரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. களைக்கு மிகக் குறைந்த அளவு மருந்தைத் தெளிக்கும் கைக்கருவிகளிலும் அந்தக் குழு வேலை செய்தது. முழு இயற்கை விவசாயம் என்று அவர் அப்போது நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1984 இல் பராக்கிரம வைத்தியநாதவோடு சேர்ந்து, ஈரவலயச் சிறு விவசாயிகளுக்கான மண் காப்பு விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

நாடு திரும்பிய பிறகு சிலாபத்துக்குக் கிட்ட காக்கப்பள்ளியிலுள்ள தன் தென்னந்தோட்டத்தைப் பரிசோதனைக் களமாக்கினார். தென்னைகளுக்கு நடுவே வரிசை வரிசையாகச் சீமைக்கிளுவை. நாங்கள் வேலிக்குக் கதியாலாக நடுகிற, கிளிசரிடியா என்றும் சொல்கிற அதே மரம். அதன் இலை நிலத்துக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீனி, தடி விறகு. சாய்வான நிலத்தில் குறுக்காக நட்டால் மண்ணைப் பிடித்து வைக்கும். அந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று அவர் வருடக்கணக்காக வாதாடினார். 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு சீமைக்கிளுவையை அறிவித்தது. அறிவித்ததோடு பெரும்பாலும் சரி.

2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் டீசல் இல்லை. பீப்பாய்களை வரிசையில் வைத்துவிட்டு எண்ணெய் நிலையத்தின் முன்னால் இரவிரவாகக் கிடந்தோம். லாண்ட்மாஸ்டர் முற்றத்தில் கோழி ஏறும் இடமானது. இறக்குமதி எண்ணெயில் தொங்கும் வயல் ஒரு நாள் நின்றுபோகும் என்று அந்த மனிதர் சொல்லிவந்ததை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி உரத் தடையை நியாயப்படுத்த யாராவது வந்தால் நான் ஒப்பமாட்டேன். அளந்து பார்க்காமல் ஒரு அடியும் வைக்காதவர் அவர்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் படித்ததை அவர் விடவே இல்லை. விமானம், ஹெலிகொப்ரர், இறக்கைக்குப் பதிலாகச் சுழலும் விசிறியோடு பறக்கும் ஓட்டோஜைரோ, மூன்றையும் ஓட்டியவர். கொழும்பில் இருந்தபடி சிறிய விமானங்களைத் தன் கையால் கட்டினார். இரத்மலானையிலிருந்து அவற்றை ஓட்டினார், காக்கப்பள்ளித் தோட்டத்துக்கும் பறந்து போய்வந்தார். கடையில் வாங்கிய விமானத்துக்கும் வீட்டில் கட்டிய விமானத்துக்கும் பெரிய வித்தியாசம் இறக்கையில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது என்று மச்சான் சொல்வான். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தப் பிடி எவ்வளவு இறுக்கம், எங்கே உரசும், எங்கே சூட்டில் காயும் என்பதெல்லாம் கட்டியவருடைய பொறுப்பு. பிழைத்தால் பழி சொல்லக் கம்பனி இல்லை. மேலே போவதும் அவரேதான். இந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர்தான், தான் செய்த உழவு இயந்திரத்தின் கசிவையும் மறைக்காமல் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பறந்த காலத்தை நினைத்தால் எனக்குள் ஒரு கசப்பும் வரும். எண்பதுகளில் மேற்குக் கரையின் தென்னைகளுக்கு மேல் ஒரு சிறு விமானம் சந்தோசத்துக்காகப் பறந்தது. எங்கள் கரையில் அதே வருடங்களில் விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழிதான். எங்கள் பிள்ளைகள் விமானங்களைச் சத்தத்தைக் கொண்டு பிரித்தறியப் பழகினார்கள். வேவு பார்ப்பது எது, குண்டு போடுவது எது என்று. விமானத்தை அழகு என்று பார்க்கிற கண் எனக்கு இன்றைக்கும் இல்லை. பிறகு 2008 ஓகஸ்ட் 26 இரவு, பொழுதுபோக்காளர்கள் ஓட்டுகிற அளவிலான ஒரு செக் நாட்டு ஸ்லின் விமானம் வன்னியிலிருந்து வந்து திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் குண்டு போட்டது. சிறிய விமானம் என்ற சொல்லுக்கே இந்த நாட்டில் வேறு பொருள் வந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாய்மரப் படகிலும் அவர் சளைத்தவர் அல்ல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் படகோட்டினார், 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். 2002 இல் ஆர்தர் சி. கிளார்க்குக்குப் பிறகு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார், 2007 வரை இருந்தார். வித்யா ஜோதி, தேசமான்ய பட்டங்கள் கிடைத்தன.

2010 ஓகஸ்ட் 18 இல், எண்பத்தாறாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இறந்தார். அப்போது நாங்கள் முகாமிலிருந்து வெளியே வந்து, திரியாயில் வீடு நின்ற இடத்தைத் தேடி, பற்றை வெட்டிக்கொண்டிருந்தோம். பத்திரிகை வாங்குகிற நிலையில் யாரும் இல்லை. அந்த வருடம் பெரும்போகத்துக்கு ஊரில் முதலில் இறங்கியது வாடகைக்கு வந்த ஒரு லாண்ட்மாஸ்டர். மணித்தியாலக் கணக்கில் காசு. அப்பா வரம்பில் நின்று, அது திரும்புகிற ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது மச்சான் திரும்ப அழைத்தான். வலது பக்கத்துக் குழாயில், பிடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. குழாயை மாற்றியபின் ஊசி நேராக நிற்கிறதாம். அப்பாவுடைய பிரச்சினையும் கடைசியில் அதேதான். டீசல் குழாய் வாய்க்கிட்ட காய்ந்து வெடித்திருந்தது, காற்று அதற்குள்ளால்தான் போயிருக்கிறது. இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பூட்டினார். இரண்டாவது சுற்றில் ஸ்ராட் ஆனது. மச்சானுக்குக் கேட்கட்டும் என்று தொலைபேசியை அதற்குக் கிட்டப் பிடித்தேன். அங்கே பிள்ளைகள் நித்திரை, சத்தத்தைக் குறை என்று கத்தினான்.